ரயிலுக்குப் போகும் மானியம்: யாரிடம் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது?

பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடுதான் திரும்பக் கிடைக்கிறது என்ற ஒரு வரியை இந்திய ரயில்வே தன் பயணச்சீட்டிலேயே அச்சிட்டு வந்தது. 2022–23 கணக்கை வைத்து அமைச்சகம் சொன்ன எண் அதைவிடக் குறைவு. 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்குப் பயணியிடம் வாங்குவது 54 ரூபாய். மீதி 46 ரூபாய் மானியம். ஆண்டுக்கு மொத்தம் 56,993 கோடி ரூபாய்.

இந்த 46 ரூபாயைப் பற்றிப் பேச்சு வந்தாலே விவாதம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. தனியாரிடம் விட்டால் நஷ்டம் நின்றுவிடும் என்பது ஒரு கட்சி. அரசிடம் இருந்தால்தான் ஏழைக்கு ரயில் மிஞ்சும் என்பது மறு கட்சி. உலகத்தில் இதுவரை நடந்ததைப் பார்த்தால் இரண்டுமே பாதி உண்மைதான். பயணிகள் ரயில் விரிந்து பரந்து ஓடும் நாடுகளில், ஜப்பானின் சில நிறுவனங்கள் போன்ற விதிவிலக்குகளைத் தவிர, எங்கும் பொதுப்பணம் ஏதோ ஒரு கதவு வழியாக உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. எந்தக் கதவு, யார் கையில், என்ன நிபந்தனையோடு என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"தனியார்மயம்" என்ற ஒற்றைச் சொல் ஐந்து தனித்தனிக் கேள்விகளை மூடி மறைத்துவிடுகிறது. தண்டவாளம் யாருடையது? பெட்டியும் எஞ்சினும் யாருடையவை? ஓட்டுவது யார்? டிக்கெட் வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் அடி யார் தலையில்? பராமரிப்பு சரியாக நடக்கிறதா என்று சோதிப்பவர் யாருக்குக் கீழ்? ஒவ்வொரு நாடும் இந்த ஐந்துக்கும் வேறு வேறு விடை எழுதியிருக்கிறது. எந்த விடை எங்கே உடைந்தது என்று பார்ப்பதுதான் பயனுள்ள ஒப்பீடு.

உத்தரவாத வட்டி: நம் மண்ணிலேயே நடந்த பாடம்

இந்தியாவில் ரயில் தொடங்கியதே தனியார் சொந்தத்தில், அரசு மானியத்தில்தான். 1849இல் கிழக்கிந்தியக் கம்பெனி ரயில் கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தத்தின் சாரம் எளிமையானது. நிலம் இலவசம், 99 ஆண்டுக் குத்தகை. லண்டனில் பங்கு வாங்கியவர்கள் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு உறுதி. ரயில் 2 விழுக்காடு ஈட்டினால் மீதி 3ஐ இந்திய வரிப்பணம் கொடுக்கும். 5க்கு மேல் ஈட்டினால் மிச்சம் பங்கு பிரிக்கப்படும். கம்பெனிக்கு வேண்டாம் என்று தோன்றினால் பாதையை அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போட்ட முதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயிலை விட்ட மெட்ராஸ் ரயில்வேயும் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான்.

இதில் எங்கே ஓட்டை? உத்தரவாதம் போட்ட முதலுக்கு. ஓடிய ரயிலுக்கோ ஏறிய பயணிக்கோ இல்லை. செலவு கூடக் கூட உறுதியான வட்டியும் கூடும். சிக்கனம் செய்ய யாருக்கும் காரணமே இல்லாமல் போயிற்று. மைலுக்கு 8,000 பவுண்டு என்று போட்ட மதிப்பீடு, கட்டி முடிக்கும்போது இரண்டு மடங்கைத் தாண்டியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வழக்கு கிடைக்காது. 1872இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன இந்திய அரசின் முன்னாள் நிதி உறுப்பினர் ஒருவரே, 5 விழுக்காடு உறுதியாகிவிட்ட முதலாளிக்குத் தன் பணம் ஊக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் செங்கல்லாக மாறினாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்.

1869க்குப் பிறகு அரசே மலிவாக மீட்டர் கேஜ் பாதைகள் போட இறங்கியது இந்தக் கசப்பினால்தான். 1920–21இல் ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த ஆக்வர்த் குழு, அரசே நிர்வகிக்க வேண்டும் என்றும், ரயில்வே நிதியைப் பொது நிதியிலிருந்து பிரிக்க வேண்டும் என்றும் சொன்னது. 1924இல் நிதி பிரிந்தது. தெற்கே மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா (எம்.எஸ்.எம்.) ரயில்வேயும் தென்னிந்திய ரயில்வேயும் 1944இல் அரசிடம் வந்தன. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானது.

இன்றைக்கும் சாலை, மெட்ரோ, விமான நிலைய ஒப்பந்தங்களில் "குறைந்தபட்ச வருமான உறுதி" என்ற பிரிவு தென்பட்டால் அது இந்த 5 விழுக்காட்டின் பேரப்பிள்ளைதான். முதலுக்கு உத்தரவாதம் கொடுக்கும் மானியத்தை எந்த வடிவத்திலும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

பிரிட்டன்: தண்டவாளத்தை விற்றதும், ஏலத்தில் தோற்றதும்

1993 சட்டத்தின் கீழ் பிரிட்டிஷ் ரயிலை நூறு நிறுவனங்களாக உடைத்தார்கள். தண்டவாளம், சிக்னல், நிலையங்கள் ரயில்டிராக் என்ற நிறுவனத்துக்கு. அது 1996 மே மாதம் பங்குச் சந்தைக்குப் போனது. பெட்டிகள் மூன்று குத்தகை நிறுவனங்களுக்கு. ரயில் ஓட்டும் உரிமை 25 பகுதிகளாக ஏலத்துக்கு. பராமரிப்பு வேறு ஒப்பந்தக்காரர்களுக்கு.

குத்தகை நிறுவனங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவற்றில் ஒன்றை அதன் நிர்வாகிகள் 1996 தொடக்கத்தில் சுமார் 53 கோடி பவுண்டுக்கு வாங்கி, அதே ஆண்டிலேயே 82.5 கோடிக்கு விற்றார்கள். பொதுச்சொத்தை எவ்வளவு மலிவாக விற்றார்கள் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

தண்டவாளத்தின் கதையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2000 அக்டோபர் 17 அன்று லண்டனுக்கு வடக்கே ஹாட்பீல்டில் மணிக்கு 185 கிலோமீட்டரில் போன ரயில் வளைவில் தடம் புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். சக்கரத்தின் விளிம்பு உரசும் உள்மூலையில் முடி போன்ற விரிசல்கள் விழுந்து, உள்ளே இறங்கி, அடியில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. இது உலோகக் களைப்பு. மேலிருந்து பார்த்தால் மெல்லிய கீறல் மாதிரிதான் தெரியும். ரயில் ஏறியபோது அந்தத் தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. விரிசல் இருந்தது விபத்துக்கு முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளம் தயாராக இருந்தும் பொருத்தப்படவில்லை.

ஏன்? பாதையை நடந்து பார்ப்பவர் ஒப்பந்தக்காரரின் ஆள். மாற்ற வேண்டும் என்றால் பாதையை மூட வேண்டும். மூடினால் ரயில் ஓட்டும் நிறுவனத்துக்கு ரயில்டிராக் நஷ்டஈடு கட்ட வேண்டும். பார்த்தவர், முடிவு செய்பவர், பணம் கட்டுபவர் மூவரும் மூன்று நிறுவனம். நம் ஊரில் தண்டவாளத்தைக் கண்காணிக்கும் ஊழியரான கீமேன் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் பகுதியை நாள்தோறும் நடக்கிறார். எந்த இடத்தில் ஜல்லி இளகும், எந்த வளைவில் தண்டவாளம் தேயும் என்பது அவர் காலுக்குத் தெரியும். அவர் சொன்னால் அதே துறையின் பொறியாளர் வேக வரம்பு போடலாம். ரயில்டிராக் அந்த அறிவைத்தான் வெளியே அனுப்பிவிட்டது. விபத்துக்குப் பிறகு தன் வலையமைப்பில் வேறு எங்கெல்லாம் இதே விரிசல் இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை. அதனால் பீதியில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு போட்டது. மாதக்கணக்கில் ரயில் போக்குவரத்து நொண்டியது.

நஷ்டஈடு பெருகியது, அரசிடம் கை நீட்டியது, அந்த நேரத்திலும் 2001 மே மாதம் பங்குதாரர்களுக்கு 13.7 கோடி பவுண்டு ஈவுத்தொகை கொடுத்தது. அக்டோபரில் நொடித்தது. 2002இல் லாப நோக்கில்லாத நெட்வொர்க் ரயில் அதை எடுத்துக்கொண்டது. தண்டவாளத்தைத் தனியாரிடம் விட்ட பரிசோதனை ஆறே ஆண்டுகளில் முடிந்தது.

ரயில் ஓட்டும் உரிமையில் நடந்த தவறு வேறு மாதிரி. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கடற்கரைப் பாதை பணம் கொழிக்கும் பாதை. அதற்கு மானியம் தேவையில்லை; ஏலம் எடுப்பவர்தான் அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். 2005இல் ஒரு நிறுவனம் 130 கோடி பவுண்டு கட்டுவதாக எடுத்து இரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2007இல் அடுத்த நிறுவனம் 140 கோடி என்றது. பொருளாதாரச் சரிவு வந்தது, 2009 நவம்பரில் சாவியைத் திருப்பிக் கொடுத்தது. அரசே ஓட்டியது. அந்த ஐந்து சொச்ச ஆண்டுகளில் கருவூலத்துக்கு சுமார் 100 கோடி பவுண்டு வந்தது. அப்படி இருந்தும் 2015இல் மறுபடி ஏலம். இம்முறை 330 கோடி. 2018 ஜூன் மாதத்தோடு அதுவும் முடிந்தது.

மூன்று முறையும் ஒரே நோய். அதிகம் கட்டுவதாகச் சொல்பவருக்கு உரிமை. கட்ட வேண்டிய தொகையில் பெரும்பகுதி ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுகளில். பயணிகள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய எண். நம்பிக்கை பொய்த்தால் தாய் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு வரம்போடு நின்றுவிடும். ஆக முதல் ஆண்டுகளின் லாபத்தை எடுத்துக்கொண்டு, கனமான ஆண்டுகள் வரும்போது விலகிப் போவது நிறுவனத்துக்கு நியாயமான கணக்காகவே படும். நேர்மையாகக் குறைவாகக் கேட்டவர் ஏலத்தில் தோற்றிருப்பார்.

இன்னொரு செலவும் உண்டு, வெளியே தெரியாதது. பாதையும் ரயிலும் வேறு வேறு கையில் இருந்ததால் 3 நிமிடம், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணம் யார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கென்றே இரு பக்கமும் நூற்றுக்கணக்கான ஊழியர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 1994–95இல் சுமார் 73 கோடியாக இருந்த பயணங்கள் 2018–19இல் 170 கோடியைத் தாண்டின. ரயில்கள் கூடின, டிக்கெட் விற்பனை திறமையானது. வேலைவாய்ப்பு லண்டனில் குவிந்ததும், சாலை நெரிசலும் காரணம் என்றாலும் நிறுவனங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. அப்படி வளர்ந்தும் அரசு மானியம் நிற்கவில்லை. கொரோனா வந்ததும் முழு வருமானச் சுமையும் ஒரே வாரத்தில் அரசின் தோளில் ஏறியது. 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிய முடிய ரயில்கள் அரசிடம் திரும்புகின்றன. 2025 மே 25 அன்று சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலில் வந்தது. குத்தகைப் பெட்டிகள் மட்டும் இன்னும் தனியாரிடம்.

ஜப்பான்: வெற்றி எங்கே, எந்த விலையில்

தனியார் சொந்தத்துக்கு மிக நல்ல சாட்சி ஜப்பான்தான். தேசிய ரயில்வே 1964இலிருந்து நஷ்டத்தில் விழுந்து, 1987இல் 37 லட்சம் கோடி யென் கடனோடு நின்றது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரித்தார்கள். பிரிட்டனைப் போலத் தண்டவாளத்தையும் ரயிலையும் வெட்டவில்லை. அந்தந்த வட்டாரத்தின் தண்டவாளம், ரயில், நிலையம், நிலையத்தின் மேலே நிற்கும் கடை வளாகம் எல்லாம் ஒரே கையில். கிழக்கு, மத்திய, மேற்கு ஜே.ஆர். நிறுவனங்கள் 1990களிலேயே பங்குச் சந்தைக்கு வந்து லாபத்தில் ஓடுகின்றன.

இந்த வெற்றிக்குப் பின்னால் மூன்று சங்கதிகள் உண்டு. கடனில் சுமார் 25.5 லட்சம் கோடி யென் ஒரு தீர்வைக் கழகத்தின் தலையில் கட்டப்பட்டு, நிலம் விற்றும் அடையாமல், 1998இல் பெரும்பகுதி வரிப்பணத்துக்கே வந்து சேர்ந்தது. அதாவது மானியம் முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. கூட்டம் குறைந்த 83 கிளைப்பாதைகள் பேருந்துக்கோ உள்ளூர் அரசுகளின் கூட்டு நிறுவனங்களுக்கோ மாறின. பிரித்தபோது டோக்கியோ, ஒசாகா போன்ற மக்கள் நெருக்கமும் அதிவேக ரயிலும் அந்த மூன்று நிறுவனங்களுக்கு மட்டுமே வாய்த்தன.

வடக்குத் தீவான ஹொக்கைடோவின் நிறுவனத்துக்கு அவை வாய்க்கவில்லை. அங்கே மானியத்தை ஒரு நிதியாக வைத்தார்கள். பாடம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 68,220 கோடி யென் நிதி. அன்றைய வட்டி 7.3 விழுக்காடு. வட்டி வருமானம் ஆண்டுக்கு 4,980 கோடி. எதிர்பார்த்த இயக்க நஷ்டமும் ஏறத்தாழ அதேதான். இரண்டும் நேருக்கு நேர் கழிந்துவிடும். பிறகு ஜப்பானில் வட்டி விழுந்தது. 3 விழுக்காடு என்று வைத்தாலே வருவது 2,047 கோடிதான். நஷ்டமோ குறையவில்லை. பராமரிப்பைத் தள்ளிப்போட்டார்கள், விபத்துகள் வந்தன. 2016இல் தன் பாதையில் ஏறத்தாழ பாதியை, 1,237 கிலோமீட்டரை, தனியாகத் தாங்க முடியாது என்று நிறுவனமே அறிவித்தது. சேவையின் விலை ஆண்டுதோறும் மாறும்போது மானியத்தை வட்டி விகிதத்தில் கட்டி வைத்தது அடிப்படைப் பிழை.

லாப நிறுவனத்திலும் ஒரு காயம் உண்டு. 2005 ஏப்ரல் 25 அன்று அமாகாசாகியில் 70 கிலோமீட்டர் வேக வரம்புள்ள வளைவில் 116இல் நுழைந்த ரயில் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதி 107 பேர் இறந்தார்கள். முந்தைய நிலையத்தில் நடைமேடையைத் தாண்டி நின்றதால் ஓட்டுநர் ஒன்றரை நிமிடம் தாமதமாகியிருந்தார். தாமதத்துக்குத் தண்டனையாக, அவமானப்படுத்தும் "மறுபயிற்சி" காத்திருந்தது. வேகத்தைத் தானே குறைக்கும் புதிய கருவி அந்த வளைவில் பொருத்தப்படவில்லை. போட்டித் தனியார் பாதைகளோடு நிமிடக் கணக்கில் மல்லுக்கட்டியதால் கால அட்டவணையில் இடைவெளியே மிஞ்சியிருக்கவில்லை.

அரசுத் துறை: நம்முடையது

அரசிடம் இருந்தால் விபத்து வராது என்று யாரும் சொல்ல முடியாது. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான தடத்தில் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதி, 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் வயரிங்கில் செய்த வேலையைச் சரியாகச் சோதிக்காமல் விட்டதுதான் மூலம்.

அரசுத் துறையின் நோய் தேய்மான நிதியில் பிடிபடும். கட்டணத்தை ஏற்றினால் அரசியல் பாதகம். சம்பளமும் ஓய்வூதியமும் தள்ளிவைக்க முடியாதவை. குறைக்கக்கூடிய ஒரே வரி, பழைய தண்டவாளத்தையும் பெட்டியையும் மாற்ற ஒதுக்க வேண்டிய பணம். அதைக் குறைத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார். பிறகு 2017–18இல் ஐந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி என்று தனிப் பாதுகாப்பு நிதி உருவாக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு நோய், 46 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பது. பெரும்பகுதி சரக்குக் கட்டணத்திலிருந்து. சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. ஆக பயணியின் மானியத்தை மின்கட்டணம் கட்டுபவர் செலுத்துகிறார், தெரியாமலே. சரக்குக் கட்டணம் உயர உயர, சிமெண்டும் துணியும் லாரிக்குப் போயின. சுதந்திரத்தின் தொடக்க ஆண்டுகளில் நாட்டின் சரக்கில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சுமந்த ரயில், இன்று மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சுமப்பதில்லை. மானியம் கொடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அதைச் சரக்குக்காரரின் பையிலிருந்து ஓசையில்லாமல் எடுப்பது ரயிலையே தின்கிறது.

இதற்கிடையே தனியாரைக் கொண்டுவர 2020 ஜூலையில் ஒரு முயற்சி நடந்தது. 109 தடங்களில் 151 ரயில், 12 தொகுப்பு, அதில் சென்னையும் ஒன்று. 35 ஆண்டு உரிமை, 30,000 கோடி முதலீடு. அடுத்த ஆண்டு ஏலம் திறந்தபோது வந்தவர்கள் இருவர், அதுவும் மூன்று தொகுப்புகளுக்கு. அதோடு கைவிடப்பட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. ஏலம் எடுப்பவர் ரயிலை வாங்க வேண்டும், இழுவைக் கட்டணம் கட்ட வேண்டும், மொத்த வருமானத்திலும் பங்கு தர வேண்டும். சிக்னல் கொடுப்பதும், தண்டவாளம் தருவதும், பக்கத்திலேயே மலிவான ரயில் விடுவதும் ரயில்வே. தகராறு வந்தால் தீர்க்கச் சுயேச்சையான ஒழுங்குமுறை ஆணையம் கிடையாது. 2017இல் அமைச்சரவை ஒப்புதல் தந்த ரயில் வளர்ச்சி ஆணையம் காகிதத்தை விட்டு இறங்கவில்லை. போட்டியாளரே நடுவராக இருக்கும் களத்தில் 35 ஆண்டுக்கு யார் பணம் போடுவார்?

2022 ஜூன் 14 அன்று கோவை வடக்கிலிருந்து ஷீரடிக்குப் போன, தனியார் நடத்தும் சுற்றுலா ரயிலான பாரத் கௌரவ் சாத்தியமானதற்குக் காரணம் அதன் சிறிய அளவு. பெட்டி ரயில்வேயுடையது, வாடகைக்கு. சுற்றுலாப் பயணியிடம் என்ன வாங்குவது என்பது நடத்துபவர் விருப்பம். நஷ்டமானால் அவர் விலகலாம்; யாருடைய அன்றாடப் பயணமும் நிற்காது. சுற்றுலா ரயிலுக்கு இது சரி. அலுவலகம் போகிறவரின் ரயிலுக்கு இதை அளவுகோலாக்க முடியாது.

சேவையை விலைக்கு வாங்குவது

ஸ்வீடன் 1988இலும் ஜெர்மனி 1990களிலும் எடுத்த வழி வேறு. பாதை அரசு அமைப்பிடம். வட்டார ரயில் எத்தனை, எந்த நேரத்துக்கு, எங்கே நிற்க வேண்டும் என்பதை மாவட்ட, மாநில அரசுகள் தீர்மானிக்கின்றன. அதற்கான பணத்தை மத்திய அரசு அவர்களிடம் தருகிறது. அவர்கள் டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். ஓட்டுபவர் தனியாராகவும் இருக்கலாம், அரசு நிறுவனமாகவும் இருக்கலாம், வெளிநாட்டு அரசின் கிளையாகவும் இருக்கலாம். லண்டன் ஓவர்கிரவுண்டும் 2007 முதல் இந்த வகைதான்: டிக்கெட் பணத்தின் பெரும்பகுதி ஏற்ற இறக்கம் நகரப் போக்குவரத்து அமைப்புக்கு, ஓட்டுபவருக்கு நிர்ணயித்த கட்டணம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் கிளைப்பாதை, நாளுக்குப் போக ஆறு, வர ஆறு. ஒரு நாளைக்கு 720 ரயில் கிலோமீட்டர், ஆண்டுக்கு 2,62,800. கிலோமீட்டருக்கு 800 ரூபாய் என்று டெண்டரில் விலை வந்தால் ஆண்டுச் செலவு சுமார் 21 கோடி. டிக்கெட்டில் 6 கோடி வந்தால் அந்தப் பாதையின் மானியம் 15 கோடி. இந்த 15 கோடிக்கு அந்தப் பாதை தகுமா என்று சட்டமன்றத்தில் வெளிப்படையாகப் பேசலாம். ஓடாத ரயிலுக்குப் பணமில்லை. தாமதத்துக்குப் பிடித்தம், நெரிசல் நேரத்தில் பெட்டி குறைந்தால் பிடித்தம், கழிவறை பூட்டியிருந்தால் பிடித்தம்.

இங்கேயும் தவறு நடக்கிறது. எங்கே என்பது தெரிந்தால் தடுக்கலாம். ஜெர்மனியில் பல வட்டார ரயில்களை ஓட்டிய அபெல்லியோ நிறுவனம் 2021இல் திவால் பாதுகாப்பு கேட்டது. அது நெதர்லாந்து அரசு ரயில்வேயின் பிள்ளை. மலிவாக விலை சொல்லி எடுத்தது. ஓட்டுநர் தட்டுப்பாட்டில் சம்பளம் ஏறியது, ஒப்பந்த விலைச் சூத்திரம் அதை ஈடு செய்யவில்லை. தண்டவாள அமைப்பு பாதை வேலைக்காக மூடியதால் வந்த தாமதத்துக்கும் பிடித்தம் விழுந்தது. ஆகவே விலை ஏற்றச் சூத்திரத்தில் மின்சாரம், டீசலோடு ஊதியமும் இடம்பெற வேண்டும். பாதையால் வரும் தாமதம் ஓட்டுபவர் கணக்கில் ஏறக்கூடாது. பெட்டிகளின் ஆயுள் 30 ஆண்டுக்கு மேல், ஒப்பந்தக் காலம் அதைவிட மிகக் குறைவு. எனவே பெட்டியும் பணிமனையும் வாங்கும் அரசின் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிகிற அன்று பழைய நிறுவனத்தைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது. புதிய ஓட்டுநரைத் தயார்செய்ய ஒரு வருடம் போல ஆகும் என்பதால் ஊழியர் மாற்றமும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பணம் கொடுத்துவிட்டுச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினா. அங்கே புறநகர் ரயிலைத் தனியாரிடம் விட்டு, கட்டணத்தை உறைய வைத்து, வித்தியாசத்தை மானியமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தணிக்கையாளர்கள் பராமரிப்புக் குறையை எழுதினார்கள், பணம் நிற்கவில்லை. 2012 பிப்ரவரி 22 அன்று பியூனஸ் அயர்ஸ் ஒன்ஸே நிலையத்தில் நிற்காத ரயில் முட்டுச்சுவரில் மோதி 51 பேர் இறந்தார்கள்.

எந்தப் பாதைக்கு எது

தண்டவாளம், சிக்னல், அவற்றைப் பராமரிக்கும் ஊழியர் மூன்றும் அரசு அமைப்பிடமே இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. விற்றாலும் திரும்ப வாங்க வேண்டி வரும். நியூசிலாந்து 1993இல் விற்று, 2004இல் தேய்ந்த தண்டவாளத்தை ஒரு டாலருக்கும், 2008இல் மிச்சத்தை சுமார் 690 மில்லியன் டாலருக்கும் திரும்ப வாங்கியது. அமெரிக்காவின் சரக்குக் கம்பெனிகள் சொந்தத் தண்டவாளத்தை நன்றாக வைத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே நெடுந்தூரப் பயணிகள் ரயில் அவர்களின் நீண்ட சரக்கு ரயிலுக்குப் பின்னால் காத்து நிற்கிறது.

சென்னை–கோவை, சென்னை–பெங்களூரு போன்ற தடங்களில் வேக ரயிலுக்கு மானியமே தேவையில்லை. அங்கே போட்டி வைக்கலாம், ஆனால் தடக் கட்டணத்தைச் சுயேச்சையான ஆணையம் நிர்ணயித்த பிறகுதான். மிக அதிகம் தருவதாகச் சொல்பவருக்குக் கொடுப்பதைவிட, குறைந்த வருமானப் பங்கை நிலையாக ஆண்டுதோறும் கட்டுபவருக்குக் கொடுப்பது மேல். புறநகர் ரயிலில் ஓட்டுபவரிடம் டிக்கெட் வருமானத்தின் அபாயத்தை ஏற்றவே கூடாது. கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, பேருந்தையும் மெட்ரோவையும் அரசு நடத்துகிறது. ஓட்டுபவர் கையில் இருப்பது நேரமும் சுத்தமும் மட்டுமே, அதற்குத்தான் அவரைப் பொறுப்பாக்க முடியும். கிராமக் கிளைப்பாதைக்கு மாநில அரசு கிலோமீட்டர் விலைக்கு ரயிலை வாங்க வேண்டும். ஜப்பானில் 2011 வெள்ளத்தில் அழிந்த தாதாமி பாதையின் 27.6 கிலோமீட்டரை புகுஷிமா மாகாணம் தன் சொந்தமாக ஏற்று, ரயில் ஓட்டுவதை நிறுவனத்திடம் விட்டு, 2022 அக்டோபரில் திறந்தது. தாங்கும் கை எது என்று எழுத்தில் தெளிவானதும் ரயில் திரும்பி வந்தது.

காரைக்குடி–திருவாரூர் பாதையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சுமார் 150 கிலோமீட்டரை அகலப்பாதையாக்கி 2019 ஜூனில் டெமு என்ற டீசல் பயணிகள் ரயில் விட்டார்கள். கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. கேட்கீப்பர்கள் ரயிலிலேயே பயணம் செய்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும்; முன்பக்கத்து ஆள் இறங்கிப் போய்ச் சாலையை மூடுவார்; ரயில் ஊர்ந்து கடந்து மறுபடி நிற்கும்; பின்பக்கத்து ஆள் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். பயணம் ஆறு மணி நேரத்துக்கும் மேல். பேருந்து அதைவிட வெகு சீக்கிரம் போய்விடும். கூட்டம் எப்படி வரும்? அப்படி ஓட்டிக் கணக்கெடுத்தால் அந்தப் பாதை நஷ்டம் என்றுதான் எழுத வரும். கேட்டுகளுக்கு ஆள் போட்ட பிறகு நேரம் குறைந்தது. அந்தக் கேட்கீப்பர்களின் சம்பளம் எவ்வளவு, அதை ஏற்பது ரயில்வேயா மாநிலமா, அதற்கு ஈடாகக் கிடைக்க வேண்டிய வேகம் என்ன என்ற மூன்று வரிகளும் முதல் நாளே ஒரு சேவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், பட்டுக்கோட்டையிலும் திருத்துறைப்பூண்டியிலும் பல ஆண்டு காத்திருந்து ரயிலேறியவர்கள் முதல் பயணத்திலேயே பேருந்துக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள்.